வெல்டிங் பிடித்தால் மட்டும் போதாது, வளையவும் வேண்டும்: விசைப்படகுச் சங்கங்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

இராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், ஏர்வாடி, தொண்டி என்று நம் கரை நெடுகத் தொழில் செய்யும் படகு முதலாளிகளான சம்மாட்டிமார்களுக்கும், சங்கப் பொறுப்பாளர்களுக்கும், நம் படகுகளுக்கு வெல்டிங் வைத்துக் கொடுக்கும் பட்டறை அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

ஏப்ரல் 15-க்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை 61 நாள். அந்த நாட்களில்தான் நம் படகுகள் கரையேறும், வலை இழுக்கிற வின்ச் இறங்கும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கழன்று லேத்துக்குப் போகும், சுக்கான் இரும்பு முதல் மடி (இழுவலை) பலகையின் வளையம் வரை எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் வெல்டிங் வேலை வரும். அதற்கு முன்னாலேயே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த முறை எந்தப் பட்டறைக்கு வேலை கொடுப்பதாக இருந்தாலும், அந்தப் பட்டறையில் வைத்த வெல்டிங்கில் ஒரு துண்டை வெட்டி, வளைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பட்டறைக்காரர்களே, சம்மாட்டி கேட்பதற்கு முன்னால் நீங்களே வளைத்துக் காட்டுங்கள்.

நான் மண்டபத்துக்காரன். வளைகுடா நாட்டில் இரும்புக் கட்டுமானம் செய்கிற ஃபேப்ரிகேஷன் யார்டில் வெல்டராகப் போய், பிறகு வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். அங்கே ஒரு ஜாயிண்ட்டை ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் அதை இழுத்துப் பார்ப்போம், வளைத்துப் பார்ப்போம், சுத்தியால் அடிக்கிற மாதிரி ஒரு எந்திரத்தில் வைத்து உடைத்தும் பார்ப்போம். நம் கரையில் மேலே பீடு (வெல்டிங் வரி) அழகாக வந்திருக்கிறதா, ஸ்லாக் (மேலே படிகிற கசடு) தட்டிவிட்டுப் பெயிண்ட் அடித்தாயிற்றா என்பதோடு முடிந்துவிடுகிறது. நடுக்கடலில் ஆள் இருக்கிற படகுக்கு அது போதாது.

ஒரு ஜாயிண்ட் எவ்வளவு எடை தாங்கும் என்பது ஒரு கேள்வி. அளவுக்கு மீறி இழுத்தால் அது கொஞ்சம் நீண்டு வளைந்து கொடுக்குமா, இல்லை பட்டென்று விட்டுவிடுமா என்பது இன்னொரு கேள்வி. டக்டிலிட்டி என்று யார்டில் சொல்வது இதைத்தான். மூன்றாவது, ஏற்கெனவே ஒரு சின்ன கீறலோ பள்ளமோ இருக்கிற இடத்தில் திடீரென்று அடி விழுந்தால், அந்தக் கீறல் ஓடாமல் நிற்க இரும்பு எவ்வளவு சக்தியை வாங்கிக்கொள்ளும் என்பது. இது டஃப்னஸ். பச்சைப் பனை மட்டையும் காய்ந்த பனை மட்டையும் ஒரே எடையைத் தாங்கலாம், ஆனால் மிதித்தால் ஒன்று வளையும், மற்றது ஒடியும். நம் பட்டறைகளில் முதல் கேள்வியை மட்டும்தான் கேட்கிறோம். கடல் கேட்பது மற்ற இரண்டையும். மடி சேற்றில் இழுத்துக்கொண்டு போகிறவரை வின்ச்சுக்கும் கப்பி பிராக்கெட்டுக்கும் பெரிய சோதனை இல்லை. மடி போய் கடலடிப் பாறையான பாரில் மாட்டும்போது, படகு ஓட்டத்திலேயே ரோப் விறைக்கும்போது, அந்த ஒரு நொடியில் வருகிற அடிதான் சோதனை.

உடைந்து வருகிற துண்டுகளை நான் எப்போதும் கையில் வாங்கிப் பார்ப்பேன். தென்கடலில் (மன்னார் வளைகுடாப் பக்கம்) மடி இழுத்த படகு ஒன்றின் கப்பி பிராக்கெட் சமீபத்தில் வந்தது. மேலே பீடு குறை சொல்ல முடியாத அழகு. உடைந்த முகத்தைத் துடைத்துவிட்டு வெயிலில் சாய்த்துப் பிடித்தால் மூன்று பகுதியாகத் தெரிந்தது. வெல்டிங் முடிந்து தகடு தொடங்குகிற ஓரத்தில், நகம் இடறுகிற அளவுக்கு ஒரு அண்டர்கட் பள்ளம். அதிலிருந்து உள்ளே பிறை பிறையாகக் கோடுகள், பழுப்பாகத் துரு ஏறியவை. அந்தக் கீறல் பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது, உப்புத் தண்ணீரும் உள்ளே போய் வந்திருக்கிறது. மிச்சம் முழுக்கப் பளபளவென்று மணி மணியாக, தட்டையாக, புதிதாக உடைந்த முகம். ஓரத்தில் எங்கேயும் இரும்பு இழுபட்டு மெலிந்த அடையாளம் இல்லை. நல்ல ஜாயிண்ட் உடைந்தால் அந்த முகம் மங்கிய சாம்பல் நிறத்தில், நார் நாராகக் கிழிந்த மாதிரி இருக்கும், ஓரங்கள் சாய்வாக இழுபட்டிருக்கும். உடைவதற்கு முன்னால் வளைந்திருக்கும், வளைந்ததை டிரைவரோ ஆட்களோ கண்ணால் பார்த்திருப்பார்கள். இதில் பார்க்க ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த முறை எது உடைந்தாலும் துண்டைக் கடலில் வீசாமல் எடுத்து வாருங்கள், தயவுசெய்து.

சரி, ராடு, அதாவது உருக்கிப் பற்றவைக்கிற பூச்சுக் குச்சி விஷயத்துக்கு வருகிறேன். நம் பட்டறைகளில் 100-க்கு 90 வேலை 6013 என்ற வகை ராடில்தான் நடக்கிறது. அது மோசமான ராடு இல்லை. கேபின் தகடு, கைப்பிடி, ஏணி, மெல்லிய ஷீட் எல்லாவற்றுக்கும் அருமையாக ஓடும், எந்த மெஷினிலும் பிடிக்கும். ஆனால் தரநிலையில் அதற்குக் கேட்கிற நீட்சி (உடைவதற்கு முன்னால் நீள்கிற அளவு) குறைந்தபட்சம் 17 சதவீதம், அடிச் சோதனைக்கு எந்த எண்ணுமே கேட்பதில்லை. 7018 லோ ஹைட்ரஜன் ராடுக்கு நீட்சி 22 சதவீதம், அதோடு மைனஸ் 29 டிகிரியில் கூட 27 ஜூல் அடியை வாங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அந்த 27 ஜூல் என்பது சார்பி சோதனையின் கணக்கு: 10 மி.மீ. சதுரமும் 55 மி.மீ. நீளமும் உள்ள ஒரு துண்டு, நடுவில் 2 மி.மீ. ஆழத்துக்கு வி வடிவப் பள்ளம், மேலிருந்து ஊசலாகக் கனமான சுத்தி வந்து ஒரே அடி. துண்டை உடைத்தபிறகு சுத்தி எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதை வைத்து உடைக்க எவ்வளவு சக்தி போனது என்று கணக்குப் போடுவார்கள். நாம் வாங்குகிற சாதாரண ஐ.எஸ். 2062 இ250 தகட்டுக்கே 23 சதவீத நீட்சி உண்டு. தகடு இவ்வளவு வளையும்போது நடுவில் போகிற வெல்டிங் கோடு வளையாமல் விறைத்து நின்றால், சுமை முழுக்க அந்தக் கோட்டில்தான் போய்ச் சேரும்.

'கடினமான ராடு கொண்டு வா, ஹை டென்சைல் போடு' என்று கேட்கிற சம்மாட்டிகளும் உண்டு. கடினம் கூடினால் பெரும்பாலும் வளைவது குறையும், அதையும் யோசித்துக் கேளுங்கள்.

ஆனால் 7018 வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நம் கரையில் எனக்குப் பெரிய கவலை ஈரம்தான். கடற்காற்று அடிக்கிற பட்டறையில், பாக்கெட்டைக் கிழித்து, ராடு கட்டை மேசை மேல் போட்டு வைத்து, நாலு நாள் கழித்து எடுத்துப் பற்றவைத்தால் அது லோ ஹைட்ரஜன் ராடே இல்லை. பூச்சில் ஏறிய ஈரம் ஆர்க் என்கிற மின்பொறியின் சூட்டில் பிரிந்து, ஹைட்ரஜன் உருகிய இரும்பில் கரைகிறது. இரும்பு இறுகும்போது அது வெளியே போக முடியாமல் உள்ளே மாட்டிக்கொண்டு, வெல்டிங்குக்குப் பக்கத்தில் சூடு பட்டுக் கடினமாகிப்போன பகுதிக்கு நகர்கிறது. அங்கே கீறல் விழும். உடனே விழாது, சில மணி நேரம் கழித்தோ ஒன்றிரண்டு நாள் கழித்தோ விழும். பெரும்பாலும் பீடுக்கு அடியில் விழுவதால் கண்ணுக்கும் தெரியாது. யார்டில் சில வகை இரும்புக்கு 48 மணி நேரம் கழித்துத்தான் சோதனை பார்க்க விடுவார்கள். நாம் காலையில் பற்றவைத்து, மத்தியானம் தட்டிப் பார்த்து, சாயங்காலம் டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகிறோம். துருவிலும் ஈரம் உண்டு, பெயிண்டிலும் டீசலிலும் ஹைட்ரஜன் உண்டு. கிரைண்டர் பிடித்து இரும்பு வெள்ளையாகத் தெரிகிறவரை சுத்தம் பண்ணாமல் மேலேயே பற்றவைக்கிற பழக்கத்தை இந்தத் தடைக்காலத்தோடு விட்டுவிடுவோம். உப்பு படிந்த இடத்தை நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, பிறகு கிரைண்டர் பிடியுங்கள். உப்பு இருக்கிற இடம் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும்.

ராடைக் காயவைப்பதற்கு முறை இருக்கிறது. ஈரம் ஏறிய 7018-ஐ 260 டிகிரிக்குக் குறையாத சூட்டில் 2 மணி நேரமாவது வைக்க வேண்டும் (பெட்டி மேலேயே கம்பெனி போட்டிருக்கும், பெரும்பாலும் 300-க்கு மேல் இருக்கும்), பிறகு 120 டிகிரியில் பெட்டி ஓவனில் வைத்து, வேலைக்கு வேண்டியதை மட்டும் எடுக்க வேண்டும். வெளியே எடுத்தது 4 மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் திரும்ப ஓவனுக்கு. வெயிலில் தார்ப்பாய் விரித்துக் காயப்போடுவதும், மஞ்சள் பல்புக்குக் கீழே வைப்பதும் இதற்குப் போதாது. சாதா 6013-ஐ அப்படி 300 டிகிரியில் வைத்துவிடாதீர்கள், அதன் பூச்சு கெட்டுப்போகும். அதற்கு 100 டிகிரியை ஒட்டிய சூடே போதும்.

7018 எங்கள் மெஷினில் ஒட்டிக்கொள்கிறது, ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது என்று பட்டறைகளில் சொல்வது உண்மைதான். பழைய டிரான்ஸ்பார்மர் மெஷினில் திறந்த வோல்ட் (ஆர்க் பிடிப்பதற்கு முன்னால் இருக்கிற வோல்ட்) குறைவாக இருந்தால் அப்படித்தான் செய்யும். டி.சி. இன்வெர்ட்டர் மெஷினில் ராடைப் பாசிட்டிவில் மாட்டி, ஆர்க்கைக் குட்டையாகப் பிடித்தால் நன்றாக ஓடும். ஆர்க் நீண்டாலும், கச்சான் காற்று நேராக அடித்தாலும் வெளிக்காற்று உள்ளே போகும், பீடு துளை துளையாக வரும், அடி தாங்குவதும் குறையும். மே, ஜூனில் திறந்தவெளியில் வேலை பார்க்கும்போது காற்று வருகிற பக்கம் ஒரு தகட்டையாவது மறைப்பாக நிறுத்துங்கள்.

ஷாஃப்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் நடக்கிற வேலைகளிலேயே எனக்கு அதிகம் பயம் தருவது அதுதான். தேய்ந்த ஷாஃப்டில் வெல்டிங் ஏற்றி லேத்தில் கடைந்து திரும்பப் போடுவது. இ.என்.8 வகை இரும்பு ஷாஃப்ட் என்றால் அதில் கார்பன் 0.4 சதவீதம் பக்கம் இருக்கும். மாங்கனீஸையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கார்பன் ஈக்விவலன்ட் (பற்றவைத்தால் இரும்பு எவ்வளவு விறைக்கும் என்று காட்டுகிற எண்) 0.5-ஐத் தாண்டிவிடும். இவ்வளவு கார்பன் உள்ள இரும்பைக் குளிர்ந்த நிலையிலேயே பற்றவைத்தால், வெல்டிங்குக்கு ஒட்டினாற்போல ஒரு மெல்லிய வளையம் வேகமாகக் குளிர்ந்து கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். அதற்கு மேல் சில இடங்களில் சூட்டோடு தண்ணீர் ஊற்றி ஆற்றுகிறார்கள், லேத்துக்கு அவசரம் என்று. அண்ணன்மாரே, இதைக் கட்டாயம் நிறுத்துங்கள். அந்த ஷாஃப்ட் சுழலும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை அந்த வளையம் இழுபட்டு அமுங்குகிறது. முதலில் ஷாஃப்டை 150 முதல் 200 டிகிரி வரை சுற்றிலும் சமமாகச் சூடாக்குங்கள். சூட்டைப் பார்க்க அதற்கென்றே சாக்பீஸ் விற்கிறது, சொன்ன டிகிரி வந்தால் கோடு உருகும். காயவைத்த லோ ஹைட்ரஜன் ராடில் பற்றவையுங்கள். முடிந்ததும் காய்ந்த ஆற்று மணலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து, ராத்திரி முழுக்கத் தானாக ஆற விடுங்கள். ஸ்டார்ட் பண்ணுவதற்காக ஷாஃப்ட் மேலேயே ராடை உரசுகிற பழக்கமும் வேண்டாம். அந்த உரசல் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு கடினமான சின்ன மச்சம், அதிலிருந்தே கீறல் தொடங்கலாம். என்னைக் கேட்டால், தேய்மானம் அதிகமான ஷாஃப்டில் வெல்டிங் ஏற்றுவதைவிடப் புதிதாகப் போடுவதுதான் சரி. பணம் கூடத்தான் ஆகும், தெரியும். லாரி ஆக்ஸிலையும் பழைய பட்டை ஸ்பிரிங்கையும் வெட்டி வின்ச்சுக்குப் பற்றவைப்பவர்களுக்கும் இதே பேச்சுதான், ஸ்பிரிங் பட்டையில் கார்பன் இன்னும் அதிகம்.

'இது குளிர் நாட்டுக் கதை, நம் வெயிலில் இரும்பு உடையாது' என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதில் பாதி சரி. 1943 ஜனவரி 16-ஆம் தேதி அமெரிக்காவின் போர்ட்லண்ட் துறையில் புதிதாகக் கட்டி முடித்து அமைதியான தண்ணீரில் நின்றுகொண்டிருந்த ஸ்கெனக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் கிட்டத்தட்ட இரண்டாகப் பிளந்தது. அந்தப் போர்க் காலத்தில் அவசரமாக வெல்டிங் வைத்துக் கட்டிய லிபர்ட்டி என்ற சரக்குக் கப்பல்களிலும் அப்படிப் பல பிளவுகள் வந்தன. கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற அம்மையார் அந்தத் தகடுகளைச் சோதித்து, ஒரு குறிப்பிட்ட சூட்டுக்குக் கீழே போனால் அந்த இரும்பு வளைகிற குணத்தை இழந்துவிடுகிறது என்று காட்டினார். நமக்கு அந்தக் குளிர் கிடையாது, ஐஸ் ரூமை ஒட்டிய தகட்டைத் தவிர. ஆனால் குளிர் மட்டும் காரணமில்லை. ஹாட்ச்சின் (மேல்தளத் திறப்பு) சதுர மூலைகள், அங்கே இருந்த வெல்டிங் குறைகள், இவையும் சேர்ந்துதான் கீறலைத் தொடங்கி வைத்தன. மோசமாகச் சூடு பட்டு உள்மணிகள் பெருத்துப்போன இடமும் ஈரத்தால் கீறிய இடமும் நம் வெயிலிலேயே ஒடியும். அதனால் இரும்புப் படகு கட்டுகிறவர்கள் ஐஸ் ரூம் ஹாட்ச்சின் மூலைகளைச் சதுரமாக வெட்டாதீர்கள், வட்டமாக வளைத்து வெட்டுங்கள்.

இன்னொன்றும் அந்தக் கப்பல்களில் தெரிந்தது. தகடுகளை ரிவெட் ஆணி அடித்து இணைத்த கப்பலில் ஒரு தகட்டில் கீறல் ஓடினால் பெரும்பாலும் அந்தத் தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டிங்கில் எல்லாம் ஒரே உடம்பு, கீறல் ஜாயிண்ட்டைத் தாண்டி அடுத்த தகட்டுக்குள் போகும். நம் கண் முன்னாலேயே இரண்டையும் பார்த்திருக்கிறோம்: 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலம் ரிவெட் காலத்தது, 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதியது வெல்டிங் காலத்தது. வெல்டிங் மட்டம் என்று சொல்லவில்லை, அதுதான் நான் சோறு தின்ற தொழில். ஆனால் ஒவ்வொரு ஜாயிண்ட்டும் கீறலை நிறுத்தத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

சின்ன வெல்டிங்தானே என்று விடுகிற இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1980 மார்ச் 27-ஆம் தேதி வடகடலில், நம் பாக் நீரிணைப் பக்கத்து வடகடல் இல்லை, நார்வே பக்கத்து வடகடலில், அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற மிதக்கும் மேடை கவிழ்ந்தது. இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். அதன் ஒரு கால் உடைந்து பிரிந்ததற்கான கீறல் தொடங்கிய இடம், நீருக்கடியில் ஒலி கேட்கிற கருவியைப் பொருத்துவதற்காக ஒரு குழாய்த் தாங்கியில் வைத்த வெறும் 6 மி.மீ. ஃபில்லெட் வெல்டிங், அதாவது இரண்டு இரும்பு சேர்கிற மூலையில் வைக்கிற வெல்டிங். பாரம் தாங்குவதற்காக வைத்த வெல்டிங்கே இல்லை அது. நம் படகில் கப்பி நிற்கிற தூணில் லைட் மாட்ட ஒரு கிளாம்பு, ஜி.பி.எஸ். ஆண்டெனாவுக்கு ஒரு குழாய், கயிறு கட்ட ஒரு வளையம் என்று யாராவது போகிறபோக்கில் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்துவிட்டுப் போகிறார்கள். பாரம் தாங்குகிற இரும்பில் அந்த மாதிரிச் சில்லறை வெல்டிங்கே வேண்டாம், யு போல்ட் போட்டு இறுக்குங்கள்.

ஸ்டெயின்லெஸ்ஸை மைல்ட் ஸ்டீலோடு சேர்க்கும்போது 309எல் ராடு போடுங்கள், சாதா ராடு போட்டால் அந்தக் கலவை விறைத்துக் கீறும். ஜி.ஐ. பைப் என்றால் துத்தநாகத்தை அரைத்து எடுத்துவிட்டுப் பற்றவையுங்கள், புகையும் நெஞ்சுக்குக் கெடுதல்.

இனி வளைக்கிற சோதனை. 10 மி.மீ. தகட்டில் இரண்டு துண்டு எடுத்து, வழக்கமாக வேலை பார்க்கிற அதே வெல்டர், அதே மெஷின், அதே ராடு, முடிந்தால் நிறுத்தி வைத்த நிலையில் ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒரு பட் ஜாயிண்ட் பற்றவைக்கட்டும். மறுநாள் அதைக் குறுக்கே 40 மி.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, மேலேயும் அடியிலும் புடைத்திருக்கிற பீடைத் தகட்டோடு மட்டமாக அரைத்து, ஓரங்களை லேசாக உருட்டிவிடுங்கள். அரைத்த கோடுகள் பட்டையின் நீளவாக்கில் இருக்கட்டும், குறுக்கே இருந்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். 63 மி.மீ. இடைவெளியில் இரண்டு உருளை, மேலே 40 மி.மீ. கனமுள்ள ஒரு கம்பி, ஒரு ஹைட்ராலிக் ஜாக்கி. வெல்டிங் சரியாகக் கம்பிக்கு நேர் கீழே வரும்படி வைத்து, இரண்டு முனையும் ஒன்றை ஒன்று பார்க்கிறவரை அமுக்குங்கள். ஒரு பட்டையை மேல்முகம் வெளியே வரும்படியும், இன்னொன்றை ரூட் (வெல்டிங்கின் அடிப்பக்கம்) வெளியே வரும்படியும் வளைக்க வேண்டும். இந்த வளைவில் வெளிப்பக்க இரும்பு 20 சதவீதம் நீள்கிறது. நல்ல வெல்டிங் கொஞ்சம் சுருக்கம் தெரிந்து, அப்படியே வளையும். கெட்டது பாதியிலேயே டப் என்று வாய் திறக்கும், திறந்த வாய்க்குள் ஸ்லாக்கும் ஓட்டையும் தெரியும். 3 மி.மீ.க்கு மேல் எங்கேயாவது பிளவு இருந்தால் அது தேறவில்லை என்று அர்த்தம். ஃபில்லெட் வெல்டிங்குக்கு இன்னும் சுலபம்: இரண்டு தகட்டை டி மாதிரி நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்து, மறுபக்கமாகச் சம்மட்டியால் மடக்குங்கள். ரூட் வரை உருகிப் பிடித்திருக்கிறதா என்பது ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

தேறாத வெல்டரைத் துரத்தாதீர்கள். பெரும்பாலும் கோளாறு ராடிலும் அவசரத்திலும்தான் இருக்கும். ராடு கணக்கில் கூலி கொடுத்து, 'நாளைக்கே இறக்கணும்' என்று தலைக்கு மேல் நிற்பது நாம்தான். சம்மாட்டிகள் சூடேற்றவும் ஆறவிடவும் நேரம் கொடுங்கள், அந்த நேரத்துக்கும் கூலி கொடுங்கள். பட்டறைக்காரர்கள் எந்த ராடு, காயவைத்ததா, சூடேற்றியதா என்று பில்லிலேயே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு பட்டறையும் ராடு ஓவன் வாங்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. ஒரு துறைமுகத்துக்கு ஒன்று, சங்கக் கட்டடத்திலேயே வைத்து, எல்லாப் பட்டறையும் காலையில் வந்து காய்ந்த ராடை எடுத்துப் போகிற மாதிரி செய்யலாம்.

தடைக்காலத்துக்கு முந்தைய சங்கக் கூட்டத்தில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஜாக்கியும் உருளைகளும் நான் கொண்டு வருகிறேன். நீங்கள் வேலை கொடுக்க நினைக்கிற பட்டறைகளிடம் சொல்லி, பற்றவைத்த 10 மி.மீ. பட்டைகளைப் பெயர் எழுதாமல் எண் மட்டும் போட்டு வாங்கி வையுங்கள். எல்லோர் முன்னாலும் வளைத்துப் பார்த்துவிடுவோம்.